கே. சங்கர் பிள்ளை

கே. சங்கர் பிள்ளை (ஜூலை 31, 1902 - டிசம்பர் 26, 1989) இந்திய அரசியல் கேலிச்சித்திர ஓவியரும், இதழாசிரியரும், குழந்தை நூல் பதிப்பாளரும் ஆவார். சங்கர் என்ற பெயரில் வரைந்த இவர் இந்திய அரசியல் கேலிச்சித்திரத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1932 முதல் 1946 வரை தில்லியின் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் கேலிச்சித்திர ஓவியராகப் பணியாற்றினார். 1948-இல் சங்கர்ஸ் வீக்லி என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கி 1975 வரை நடத்தினார். குழந்தைகள் புத்தக அறக்கட்டளை, பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் ஆகியவற்றையும் நிறுவினார்.

ஆட்சியாளர்களுக்கு மிக அருகில் இருந்துகொண்டே அவர்களைக் கேலி செய்தவர் என்பது சங்கரின் தனித்தன்மையாகும். அந்த நெருக்கம் அவருக்குப் பெரும் சுதந்திரத்தை அளித்தது. ஆட்சியாளர்கள் கேலியைப் பொறுத்துக்கொள்ளாத காலம் வந்தபோது அவரது இதழ் நின்றுபோனது. அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்னர், 1949-இல் அவர் வரைந்த ஒரு படம் இந்திய நாடாளுமன்றத்தையே நிறுத்தியது.

பின்னணி

கேலிச்சித்திரம் தமிழில் கருத்துப்படம் என்றும் கார்ட்டூன் என்றும் அழைக்கப்படுகிறது. 1841-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பஞ்ச் என்ற நகைச்சுவை இதழ் இக்கலையை உலகெங்கும் பரப்பியது. அதனைப் பின்பற்றி இந்தியாவிலும் பல இதழ்கள் தோன்றின. 1877-இல் லக்னோவில் தொடங்கப்பட்ட அவத் பஞ்ச் என்ற உருது இதழ் அவற்றுள் புகழ்பெற்றது.

தமிழில் அரசியல் கேலிச்சித்திரங்களை அறிமுகப்படுத்தியவர் சுப்பிரமணிய பாரதியார். 1906-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியா வார இதழில் ஆங்கிலேய ஆட்சியையும் மிதவாதிகளையும் எள்ளி நகையாடும் படங்களை விளக்கங்களுடன் அவர் வெளியிட்டார். பாரதியார் ஓவியர் அல்லர். படங்களுக்கான கருத்து அவருடையது, வரைந்தவர்கள் வேறு. 1908-இல் அடக்குமுறை காரணமாக அவ்விதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர நேர்ந்தது. 1930களில் ஆனந்த விகடனில் மாலி (டி. ஆர். மகாலிங்கம்) தமது கேலிச்சித்திரங்களால் புகழ்பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் சங்கர் தில்லியில் வரையத் தொடங்கினார்.

அக்கால நாளிதழ்களில் சாம்பல் நிறச் சாயல்களைத் தெளிவாக அச்சிடுவது கடினம். ஓவியர் கறுப்பு மையால் வரைந்த படத்தை ஒளிப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சுக்கட்டை தயாரிப்பர். ஆகவே சில கோடுகளிலேயே ஒரு மனிதரை வாசகர் அடையாளம் காணும்படி செய்வது கேலிச்சித்திர ஓவியரின் அடிப்படைத் திறமையாக இருந்தது.

இளமையும் கல்வியும்

சங்கர் அன்றைய திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்த காயங்குளத்தில் பிறந்தார். பாட்டனாருடன் கழிந்த தமது சிறுவயது அனுபவங்களைப் பின்னாளில் குழந்தைகளுக்கான நூலாக எழுதினார். காயங்குளத்திலும் மாவேலிக்கரையிலும் பள்ளிக்கல்வி பயின்றார்.

வகுப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் தோற்றமே இவர் வரைந்த முதல் கேலிச்சித்திரம் ஆகும். இதனைக் கண்ட தலைமை ஆசிரியர் கடுஞ்சினம் கொண்டார். ஆனால் சங்கரின் மாமா படத்தில் தெரிந்த திறமையைக் கண்டு அவரை ஊக்குவித்தார். அதிகாரத்தில் உள்ளவர் சினம் கொள்வதும் பார்ப்பவர் மகிழ்வதும் என்ற இந்த அனுபவம் அவரது வாழ்நாள் முழுவதும் பலமுறை திரும்ப வந்தது.

பள்ளிக்கல்விக்குப் பின் மாவேலிக்கரையில் உள்ள இரவிவர்மா ஓவியப் பள்ளியில் ஓவியம் பயின்றார். நாடகம், சாரணர் இயக்கம், இலக்கியம் ஆகியவற்றிலும் ஆர்வம் காட்டினார். பின்னர் திருவனந்தபுரத்தில் உள்ள மகாராஜா அறிவியல் கல்லூரியில் சேர்ந்து 1927-இல் பட்டம் பெற்றார்.

பம்பாயில்

பட்டம் பெற்றபின் சட்டம் படிப்பதற்காகப் பம்பாய் (இன்றைய மும்பை) சென்ற சங்கர், படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் வரைந்த கேலிச்சித்திரங்களை நாளிதழ்களுக்கு அனுப்பினார். ஃபிரீ பிரஸ் ஜர்னல், பாம்பே கிரானிக்கிள் ஆகிய தேசிய இயக்க ஆதரவு நாளிதழ்கள் அவற்றை வெளியிட்டன. உப்புச் சத்தியாக்கிரகமும் (1930) வட்டமேசை மாநாடுகளும் (1930-1932) நடந்த காலம் அது. நாள்தோறும் அரசியல் செய்திகளுக்காக மக்கள் நாளிதழ்களை எதிர்பார்த்திருந்தனர். ஆங்கிலம் அறிந்தோர் குறைவாக இருந்த நாட்டில் படங்களுக்குத் தனி வலிமை இருந்தது.

இந்துஸ்தான் டைம்ஸ் (1932-1946)

1932-இல் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராக இருந்த போத்தன் ஜோசப், சங்கரைத் தில்லிக்கு வரவழைத்து அலுவலகக் கேலிச்சித்திர ஓவியராக நியமித்தார். போத்தன் ஜோசப்பும் கேரளத்தைச் சேர்ந்தவரே. இந்திய நாளிதழ் ஒன்றில் நிரந்தரப் பணியில் அமர்ந்த தொடக்ககாலக் கேலிச்சித்திர ஓவியர்களுள் சங்கரும் ஒருவர். அது முதல் அவரும் குடும்பத்தாரும் தில்லியிலேயே நிலையாகத் தங்கினர்.

ஆங்கிலேய ஆட்சியாளர்களும் காங்கிரசுத் தலைவர்களும் ஒருசேர இவரது கேலிக்கு இலக்காயினர். வைசிராய்களாக இருந்த வெலிங்டன் பிரபு, லின்லித்கோ பிரபு ஆகியோர் இவரது படங்களை விரும்பிப் பார்த்தனர். இக்காலத்தில் ஏறத்தாழ 14 மாதங்கள் இலண்டனில் தங்கி, ஓவியப் பள்ளிகளில் கேலிச்சித்திர நுட்பங்களைக் கற்றார். பெர்லின், ரோம், வியன்னா, ஜெனீவா, பிராக் ஆகிய நகரங்களுக்கும் சென்று வந்தார்.

காந்தியின் கடிதம்

1939-இல் முகமது அலி ஜின்னாவைக் கேலி செய்து சங்கர் வரைந்த படங்களைக் கண்ட மகாத்மா காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது இந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியராக இருந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி என்பது குறிப்பிடத்தக்கது. சங்கரின் படங்கள் கலை என்ற அளவில் சிறந்தவை என்பதைக் காந்தி ஒப்புக்கொண்டார். ஆனால் உண்மைக்கு மாறாகவும் பிறர் மனம் புண்படும்படியும் கேலி செய்தால் இத்தொழிலில் உயர முடியாது என்று எச்சரித்தார். நிகழ்வுகளை நன்கு அறிந்துகொண்டு வரைய வேண்டும், கேலி கடிப்பதாக இருத்தலாகாது என்பதே அவரது அறிவுரையின் சாரம்.

தமது அரசியல் எதிராளிக்காகக் காந்தி இவ்வாறு பரிந்து எழுதியது ஒருபுறமிருக்க, அக்கடிதம் ஒரு நெடுங்கால வினாவையும் எழுப்பியது. கடிக்காத கேலி கேலியாகுமா, கடித்தால் அது யாரைக் கடிக்கலாம் என்பதே அவ்வினா. சங்கரின் பிற்காலப் படங்களைப் பற்றிய விவாதங்களும் இதனைச் சுற்றியே அமைந்தன.

சங்கர்ஸ் வீக்லி

1946-இல் இந்துஸ்தான் டைம்சிலிருந்து விலகிய சங்கர், சொந்தமாக ஓர் இதழ் நடத்த விரும்பினார். 1948 மே மாதம் சங்கர்ஸ் வீக்லி வெளிவந்தது. பஞ்ச் இதழை முன்மாதிரியாகக் கொண்ட இவ்வார இதழில் கேலிச்சித்திரங்களும் அரசியல் நையாண்டிக் கட்டுரைகளும் இடம்பெற்றன. அதனை வெளியிட்டுத் தொடங்கிவைத்தவர் பிரதமர் ஜவகர்லால் நேரு.

நாட்டுப் பிரிவினையும் காந்தியின் படுகொலையும் நிகழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. புதிய அரசைத் தாங்கிப் பிடிப்பதே தேசப்பற்று எனப் பலரும் கருதிய வேளையில், அந்த அரசை வாரந்தோறும் கேலி செய்வதற்கென்றே ஓர் இதழ் தலைநகரிலிருந்து வெளிவந்தது. இதழ் 27 ஆண்டுகள் நடைபெற்றது.

நேருவும் சங்கரும்

சங்கரும் நேருவும் நண்பர்கள். எனினும் சங்கர்ஸ் வீக்லியில் மிகுதியாகக் கேலி செய்யப்பட்டவரும் நேருவே. தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு சங்கரிடம் கேட்டுக்கொண்டதாகக் கூறப்படுகிறது. 1983-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளை வெளியிட்ட நேரு கேலிச்சித்திரத் தொகுப்புக்கும் இப்பொருள்படும் தலைப்பே இடப்பட்டது.

1964 மே 17 அன்று வெளிவந்த படம் இவ்வரிசையில் பெரிதும் நினைவுகூரப்படுகிறது. மெலிந்து களைத்துப்போன நேரு, கையில் தீப்பந்தத்துடன் ஓட்டப்பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஓடுகிறார். குல்சாரிலால் நந்தா, லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், கிருஷ்ண மேனன், இந்திரா காந்தி ஆகியோர் பின்னால் ஓடி வருகின்றனர். நேருவுக்குப் பின் யார் என்ற கேள்வியைப் பலரும் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தபோது சங்கர் அதனை வெளிப்படையாக வரைந்தார். படம் வெளியான பத்தாம் நாள், மே 27 அன்று, நேரு காலமானார். படத்தில் இடம்பெற்ற ஐவருள் நந்தா இடைக்காலப் பிரதமரானார். சாஸ்திரி, இந்திரா காந்தி, மொரார்ஜி தேசாய் ஆகிய மூவரும் பின்னர் பிரதமர்களாயினர்.

மாணாக்கர்கள்

இந்தியாவின் அடுத்த தலைமுறை ஓவியர்களுக்குச் சங்கரும் அவரது இதழும் பயிற்சிக்களமாக விளங்கினர். குட்டி, அபு ஆபிரகாம், ரங்கா, ஓ. வி. விஜயன், ஏசுதாசன் முதலியோர் இவ்வாறு உருவானவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் மலையாளிகள்.

அபு ஆபிரகாம் பின்னர் இலண்டன் சென்று அப்சர்வர், கார்டியன் இதழ்களில் வரைந்தார். ஓ. வி. விஜயன் மலையாளத்தின் முன்னணிப் புதின எழுத்தாளர்களுள் ஒருவராகவும் திகழ்ந்தார். அவரது கசாக்கின் இதிகாசம் 1969-இல் நூலாக வெளிவந்தது.

குழந்தைகளுக்கான பணிகள்

1949-இல் சங்கர் தமது இதழின் சார்பில் குழந்தைகளுக்கான ஓவிய, எழுத்துப் போட்டியைத் தொடங்கினார். அவ்வாண்டு வெளிவந்த குழந்தைகள் சிறப்பிதழுக்காக நேரு குழந்தைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்து வந்த ஆண்டுகளில் இப்போட்டி பிற நாட்டுக் குழந்தைகளும் பங்குபெறும் பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது.

அக்காலத்தில் இந்தியக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் கிடைத்த படநூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றின் கதைக்களமும் படங்களும் இந்தியக் குழந்தைகளின் வாழ்வோடு தொடர்பற்றவை. நல்ல படங்களுடன் குறைந்த விலையில் இந்தியக் கதைகளை வெளியிடும் நோக்கில் 1957-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைச் சங்கர் நிறுவினார். அவரே பல நூல்களை எழுதிப் படங்களும் வரைந்தார். 1968-இல் சில்ட்ரன்ஸ் வேர்ல்ட் என்ற சிறுவர் இதழும் தொடங்கப்பட்டது.

ஓவியப் போட்டிக்குப் பரிசாக வழங்குவதற்கென அங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மை சங்கரைப் பெரிதும் கவர்ந்தது. வெளிநாட்டுப் பயணங்களின்போது அந்தந்த நாட்டு உடையணிந்த பொம்மைகளை அவர் சேகரிக்கத் தொடங்கினார். இத்தொகுப்பைக் கொண்டு தில்லி பகதூர் ஷா சபர் சாலையில் உள்ள நேரு இல்லத்தில் பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. 1965 நவம்பர் 30 அன்று அதனைக் குடியரசுத் தலைவர் ச. இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

நெருக்கடி நிலையும் இதழ் நிறுத்தமும்

1975 ஜூன் 25 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் அரசு நாட்டில் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது. அன்றிரவு பகதூர் ஷா சபர் சாலையில் இருந்த நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சங்கரின் நேரு இல்லம் அமைந்திருப்பதும் இதே சாலையில்தான். அதனைத் தொடர்ந்து முன்தணிக்கை நடைமுறைக்கு வந்தது. செய்திகள் மட்டுமின்றிக் கேலிச்சித்திரங்களும் அச்சாகும் முன் தணிக்கை அதிகாரிகளின் ஒப்புதலைப் பெற வேண்டியதாயிற்று.

1975 ஆகஸ்ட் 31 தேதியிட்ட இதழுடன் சங்கர்ஸ் வீக்லி நிறுத்தப்பட்டது. சங்கருக்கு அப்போது வயது 73. கடைசித் தலையங்கத்தில், சர்வாதிகாரங்களால் சிரிப்பைத் தாங்க முடியாது என்றும், மக்கள் சர்வாதிகாரியைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்பதே அதற்குக் காரணம் என்றும் கருத்துத் தெரிவித்திருந்தார். நேருவின் கையால் தொடங்கிவைக்கப்பட்ட இதழ், அவர் மகளின் ஆட்சியில் முடிவுக்கு வந்தது.

1975 டிசம்பரில் சங்கரின் மாணாக்கரான அபு ஆபிரகாம், குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்திடுவதாக இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வரைந்தார். நெருக்கடி நிலைக் காலத்தின் புகழ்பெற்ற கேலிச்சித்திரம் இதுவாகும்.

விருதுகளும் சிறப்புகளும்

இந்திய அரசு சங்கருக்கு மூன்று பத்ம விருதுகளை வழங்கியது.

பத்மஸ்ரீ - 1956
பத்ம பூஷண் - 1966
பத்ம விபூஷண் - 1976

இவற்றுள் கடைசி விருது, இதழ் நின்ற மறு ஆண்டில், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோதே அளிக்கப்பட்டது. 1977-இல் போலந்து நாட்டின் புன்னகை விருது இவருக்குக் கிடைத்தது. இது குழந்தைகளின் பரிந்துரையின் பேரில் வழங்கப்படும் விருதாகும்.

சங்கர் 1989 டிசம்பர் 26 அன்று தில்லியில் காலமானார். இவரது நினைவாக இந்திய அஞ்சல் துறை 1991-இல் இவரது படங்களைக் கொண்ட இரண்டு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. காயங்குளத்தை அடுத்த கிருஷ்ணபுரத்தில் இவர் பெயரில் கேலிச்சித்திர அருங்காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது.

2012 சர்ச்சை

1949 ஆகஸ்ட் 28 தேதியிட்ட சங்கர்ஸ் வீக்லியில், அரசியலமைப்பு உருவாக்கம் தாமதமாவதைக் கேலி செய்து சங்கர் ஒரு படம் வரைந்திருந்தார். அதில் அரசியலமைப்பு ஒரு நத்தையாகக் காட்டப்பட்டிருந்தது. அதன் மேல் அம்பேத்கர் கையில் சாட்டையுடன் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கியபடி நிற்கிறார். சுற்றிலும் மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர்.

2006-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம் வெளியிட்ட பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இப்படம் சேர்க்கப்பட்டது. 2012-இல் தலித் அமைப்புகள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தன. 2012 மே 11 அன்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் மக்களவை உறுப்பினர் தொல். திருமாவளவன் இதனை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். கடும் அமளியால் அவை ஒத்திவைக்கப்பட்டது. மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, படத்தை நீக்குவதாக அறிவித்தார். பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவ், சுகாஸ் பல்சிகர் ஆகியோர் பதவி விலகினர். மறுநாள் புனேயில் பல்சிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது.

அரசியலமைப்பை உருவாக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆனது ஏன் என்று மாணவர்களைச் சிந்திக்க வைக்கவே படம் சேர்க்கப்பட்டது என்பது பாடநூலை ஆதரித்தோரின் வாதம். எதிர்த்தோரின் வாதம் வேறானது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த தலைவரின் பின்னால் ஒரு பிராமணர் சாட்டையுடன் நிற்பதும், அதைக் கண்டு கூட்டம் மகிழ்வதும், சாதியக் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு வெறும் நகைச்சுவையாகத் தோன்றாது என அவர்கள் சுட்டிக்காட்டினர். மேலும் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு 1947 ஆகஸ்டில் அமைக்கப்பட்டு 1948 பிப்ரவரியிலேயே வரைவை அளித்துவிட்டது. அதன் மீது 7,635 திருத்தங்கள் முன்வைக்கப்பட்டு, அவற்றுள் 2,473 அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டன. எனவே தாமதத்துக்கு அம்பேத்கரைப் பொறுப்பாளியாக்கும் படம் நிகழ்வுகளுக்கும் பொருந்தாது என்ற கருத்தும் உண்டு.

பாடநூல்களில் உள்ள கேலிச்சித்திரங்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பல படங்களை நீக்குமாறு அக்குழு பரிந்துரைத்தது. குழுவில் இடம்பெற்றிருந்த தமிழ் ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் அதனை ஏற்காமல் தமது மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். பின்னர், 1932 முதல் 1956 வரை ஆங்கில இதழ்களில் அம்பேத்கரைப் பற்றி வெளிவந்த கேலிச்சித்திரங்களை உன்னமதி சியாம சுந்தர் தொகுத்து 2019-இல் நூலாக்கினார். சங்கர் உள்ளிட்ட ஓவியர்கள் அம்பேத்கரை எவ்வாறு நோக்கினர் என்பதை ஒருசேரக் காண இந்நூல் வழிவகுத்தது.

மதிப்பீடு

இந்திய நாளிதழ்களில் கேலிச்சித்திரத்தை ஒரு நிலையான பணியாகவும் மதிப்புக்குரிய கலையாகவும் ஆக்கியதில் சங்கரின் பங்கு முதன்மையானது. தலைமை ஆசிரியர், வைசிராய், பிரதமர் என அதிகாரத்தில் இருந்தோரை அஞ்சாமல் வரைந்தார். அவர்களுள் நேரு போன்றோர் சிரித்து ஏற்றுக்கொண்டதால் அவரது இதழ் வளர்ந்தது. அந்த ஏற்பு விலகியதும் நின்றது. ஆட்சியாளரின் பெருந்தன்மையை மட்டும் நம்பிப் பத்திரிகைச் சுதந்திரம் நிலைக்காது என்பதை 1975 நிகழ்வு காட்டியது. அதிகாரத்தில் உள்ளவரை எள்ளுவதும், காலங்காலமாக எள்ளப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்து வந்தவரை எள்ளுவதும் ஒன்றாகுமா என்ற கேள்வியை 2012 நிகழ்வு முன்வைத்தது. 1939-இல் காந்தியின் கடிதம் தொட்டதும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான்.